கதவில்லாத கப்பல்

நாகூர் பேருந்தில், கதவே இல்லாத கப்பலொன்று ஆட்களோடு கிளம்பப் போகிறது என்று நம்பி, போலீசைக் கூப்பிடக் கைபேசியைத் துழாவினேன். நீச்சல் தெரியாத எனக்கு ஏன் அந்த அவசரமோ.

"கப்பல் முடிஞ்சிடுச்சு அண்ணி. கதவுதான் பாக்கி," என்றான் பின்னிருக்கை இளைஞன், பக்கத்திலிருந்த பெண்ணிடம்.

"உள்ள ஆளுங்க உக்காந்திருக்காங்களே தம்பி?"

"அண்ணன் ஆளுங்களை முதல்ல ஏத்திட்டாரு."

திரும்பினேன். அவன் மடியிலிருந்த லேப்டாப்பில், கணினி விளையாட்டு ஒன்றில் கட்டிய ஒரு விண்வெளிக் கப்பல்.

"சின்ன வயசுல நாங்க டிவியில பாத்த கப்பலைத்தான் அண்ணன் கட்டியிருக்காரு அண்ணி. பூசைக்குள்ள நானே கதவு வச்சிடவா?"

"வேணாம்ப்பா. லீவுக்கு வந்து வைக்கிறேன்னாரு."

"முடிக்காம எப்படி விடுறது?"

"முடிச்சா முடிஞ்சிடும்ல."

அவன் லேப்டாப்பை மூடினான். துபாயில் இறந்த அண்ணனின் முப்பதாம் நாள் பூசைக்காக இருவரும் கீழ்வேளூரில் இறங்கினார்கள். கதவு வைக்கவில்லை.