பெயரில்லாத மலையும் கூண்டுக் குரங்கும்

மலை ஏறுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை, ரேஞ்சர் சார். திட்டம் போடுவதுதான் பிடிக்கும். ஆரப்பாளையம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஆண்டு விழா, சுற்றுலா, எதுவானாலும் இன்பசேகரனைக் கூப்பிடு என்பார்கள். உங்கள் கூண்டில் இருக்கும் குரங்கைப் பற்றித்தான் பேச வந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் பெர்சி, அவன் மனைவி ஜாய்ஸ், டவுனில் பூட்டுக் கடை வைத்திருக்கும் ஜலால், நான். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒன்றாக டீ குடிப்போம். ஒருநாள் பெர்சி, "எங்கயாச்சும் ஒரு மலை ஏறிட்டு வருவோமாண்ணே?" என்றான். உடனே ஜலால், "போறதுன்னா சொல்லுங்க. எங்க வீட்ல மட்டன் தம் போட்டுக் குடுத்துரும்," என்றான்.

ஜலாலின் மனைவி மெஹருன்னிசாவின் தம் பிரியாணியை நான் ஒரே ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன், ஒரு பெருநாளன்று. வீடு நிறைய விருந்தாளிகள். ஆளுக்கு ஒரு கரண்டிக்கு மேல் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மலையைத் தேடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அழகர்மலை, நாகமலை என்று அவர்கள் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டேன். அங்கெல்லாம் ஆட்கள் வருவார்கள். மேலூரைத் தாண்டி, மேப்பில் பெயர்கூடப் போடாத ஒரு பாறைமலை அகப்பட்டது. போன் எடுக்காது. பக்கத்தில் கடை கிடையாது. ஏன் அந்த மலை என்று கேட்டார்கள். அமைதியாக இருக்கும் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

முன்கூட்டியே தனியாகப் போய்ப் பார்த்தும் வந்தேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாண்டிமீனா என்ற பெண்ணிடம் வழி கேட்டேன். "தெக்குப் பக்கமா போனா வெரசா ஏறி எறங்கிரலாம்ணே. வடக்க பூராம் முள்ளு. அதுல போனா பொழுதடஞ்சுதான் வந்து சேருவீக," என்றாள். நன்றி சொல்லிவிட்டு, வடக்கு வழியை முடிவு செய்தேன்.

தொப்பி, குளுக்கோஸ், பாம்பைப் பார்த்தால் என்ன செய்வது, எல்லாம் யோசித்து வைத்தேன். முதுகில் கனம் கூடாது என்பதால் ஆளுக்குத் தண்ணீரும் கடலை மிட்டாயும் மட்டும். பிரியாணிச் சட்டி அடிவாரத்தில் காரில் இருக்கும். கார்க் கண்ணாடியை ஏற்றி வைத்தால் சோறு புழுங்கிக் கெட்டுவிடும், இறக்கி வைத்தால் குரங்கு வரும். ஆகவே காவலுக்கு ஒருவர் கீழே இருந்தாக வேண்டும் என்றேன். யார் என்று நான் சொல்லவே இல்லை. போன அன்றைக்குக் காலையில் காரிலிருந்து இறங்கும்போது எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

ஜாய்ஸ் நர்ஸ். கண் கலங்கிப்போய் என் காலுக்குக் கட்டுப் போட்டாள். "இம்புட்டு நாளா பிளான் போட்டுட்டு, கடைசில உங்களால ஏற முடியலையேண்ணே."

"நீங்க ஏறுனா நான் ஏறுன மாதிரிதாம்மா," என்றேன்.

அவர்கள் தலை முள்ளுக்குள் மறையும்வரை கை ஆட்டினேன். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டுச் சட்டியைத் திறந்தேன்.

ஒரே ஒரு துண்டு எடுப்பதாகத்தான் இருந்தேன், கெட்டுவிட்டதா என்று பார்க்க. களைத்து வருகிறவர்களுக்கு வயிற்றுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? மேலாக நன்றாகவே இருந்தது. ஆனால் நடுவில் எப்படி என்று தெரிய வேண்டும் அல்லவா? அடிவரைக்கும் சோதித்தேன். பிறகு வேப்பமரத்தடியில் கொஞ்சம் தூங்கினேன்.

பொழுது சாயும்போது வந்தார்கள். பெர்சிக்குப் பேண்ட் கிழிந்திருந்தது. ஜாய்ஸ் தலை முழுக்க முள். ஜலாலின் ஒரு ஷூவுக்கு அடிப்பாகமே இல்லை. ஆனால் அவன் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. "உச்சிக்கே போயிட்டோம்ணே! பேரில்லாத மலைக்கு உங்க பேரையே வச்சிட்டோம். இன்பா மலை," என்றான். அப்புறம் சட்டிக்குள் பார்த்தான்.

நாலு பருக்கையைத் தரையில் இறைத்து வைத்திருந்தேன். கையில் முள்ளால் ஒரு கீறலும் போட்டிருந்தேன். "குரங்கு," என்றேன். "என்னால ஆனமட்டும் போராடிப் பாத்தேன்."

"சோறு போனாப் போகுதுண்ணே. உங்க உசுருக்கு ஒண்ணுமில்லையே," என்றான் ஜலால். பிறகு பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

ஜாய்ஸ் அப்படியே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரங்குக் கடிக்கான ஊசி அத்தனையும் போட்டுக்கொண்டேன். கணக்கு அதோடு தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பெர்சி உங்களிடம் மனுக் கொடுப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் கூண்டு வைத்தீர்கள். காது கிழிந்த கிழட்டுக் குரங்கு ஒன்று மாட்டியது. "இதேதான் சார். மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா, களவாணி," என்றாள் ஜாய்ஸ். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். அந்த நேரம் முழுக்க அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாளைக்கு அதை வெகுதூரத்தில் ஏதோ காட்டில் கொண்டுபோய் விடப்போவதாக உங்கள் ஆட்கள் சொன்னார்கள். வயசான காலத்தில் அதற்கு ஊர் மாற்றம் சரிப்படாது. அதனால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அங்கே குரங்கு எதுவும் வரவில்லை. முழங்காலில் வலி இல்லை. நாலு பேர் சாப்பாட்டையும் தின்றது நான்தான். அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான்.

ஜலாலுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், சார். எனக்காகக் கேட்கவில்லை. கடிபட்ட மனுஷன் தேறட்டும் என்று மெஹருன்னிசா வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று தனியாக ஒரு சட்டி தம் போடுகிறார். அந்தப் பெண்ணின் மனசு நோகக் கூடாது, பாருங்கள்.