நண்பரின் வீட்டைத் தூய்மை செய்த விதம்

மார்ச் மாதம் பதினான்காம் நாள் முதல் இந்தக் கட்டடத்தில் ஒருவரும் என்னை உள்ளே அழைத்து ஒரு வாய்த் தேநீர் தரவில்லை. இதுவே என் குறை. குறையை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னர் விளக்க வேண்டும் என்று பணிக்காலம் முழுவதும் மாணவர்களுக்குக் கற்பித்த தமிழாசிரியன் நான். ஆகவே விளக்குகிறேன். குடியிருப்போர் அனைவரும் பொறுமையாகப் படிக்கவும்.

இரண்டாம் மாடியில் வசித்துவந்த, பணி ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் என் நண்பர். என் மனைவி இறந்தபோது நீங்கள் எல்லாரும் வந்து ஆறுதல் வாக்கியங்களைச் சொன்னீர்கள். அவற்றுட் சில பிழையின்றியும் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். பிறகு வியாழக்கிழமைதோறும் நான் அவர் வீட்டுக்குச் செல்வது வழக்கமாயிற்று. வாரத்தின் மற்ற நாள்கள் எனக்கு அந்த ஒரு நாளின் முன்னுரையாகவே கழிந்தன.

நண்பரைக் குறை சொல்ல முடியாது. வீட்டைத்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய சோபாவில் உட்காருவது எளிது. எழுவதற்கு அது அனுமதிக்க வேண்டும். கரப்பான் பூச்சிகள் பட்டப்பகலில், வாடகை தவறாமல் கொடுப்பவை போல நடமாடின. தேநீர் கொதிக்கும் பாத்திரத்தின் உட்புறம் விரற்கடை அளவுக்குக் கறுத்திருந்தது. அதை ஒரு முறை நான் நாசூக்காகச் சுட்டிக்காட்டினேன்.

"சோப்புப் போட்டா ருசி போயிடும் வாத்தியாரே. இது பழகின பாத்திரம்," என்றார்.

அதில் என்னென்ன பழகியிருந்தன என்று நான் கேட்கவில்லை.

சமாளிக்க முயன்றேன். இருக்கையின்மேல் கைக்குட்டை விரித்தேன். என் சொந்தக் குவளையைக் கொண்டுபோனேன். அவர் மகிழ்ந்து, "இனிமே இது இங்கயே இருக்கட்டும், தூக்கிட்டு அலையாதீங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமைக்குள் அந்தக் குவளையும் அவ்வீட்டின் உறுப்பினர் ஆகிவிட்டது. தேநீரைச் சன்னலோரச் செடிக்கு ஊற்றினேன், செடி பட்டுப்போனது. வயிற்றுப்புண் என்றேன், அதே பாத்திரத்தில் பால் காய்ச்சித் தந்தார். சளியினால் ஒன்றும் வேண்டாம் என்றேன். அதே பாத்திரத்தில் வெந்நீர் வைத்து ஆவி பிடிக்கச் செய்து, என் தலைமேல் தம்முடைய துண்டைப் போர்த்தினார். அந்தத் துண்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நேரடியாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நண்பரின் மனத்தைப் புண்படுத்துவது பண்பன்று.

எனவே ஒரு வியாழக்கிழமை, அவர் தொலைபேசியில் மகளுடன் பேசிக்கொண்டிருந்தபோது, சமையலறை ஆணியில் தொங்கிய கைப்பிடித் துணியைக் குடையின் நுனியால் எடுத்து, குடைக்குள் செருகிக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் சேர்த்தேன். தொடக்கம் அவ்வளவுதான்.

இங்கே அவருடைய தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எஞ்சினில் இருவர் இருப்பார்களாம். முன்னால் தெரியும் விளக்கின் நிறத்தை ஓட்டுநர் விரல் நீட்டி உரக்கச் சொல்வார். உதவியாளரும் பார்த்து அதையே சொல்ல வேண்டும். இருவர் சொல்லும் ஒத்துப்போகவில்லை என்றால், தம் கண்ணை நம்பி ஓட்டக்கூடாது. வண்டியை நிறுத்திவிட வேண்டும். வீட்டிலும் அவர் அப்படியே வாழ்ந்தார். "அடுப்பு அணைச்சாச்சு" என்று விரல் நீட்டுவார். "அணைச்சாச்சு" என்று நான் சொன்ன பிறகே வெளியே புறப்படுவார்.

அடுத்த வாரம் அவர் வெற்று ஆணியை நோக்கி விரல் நீட்டினார்.

"இங்க ஒரு துணி தொங்குமே வாத்தியாரே, பழுப்பா?"

"துணியா? நான் பார்த்ததில்லையே."

ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நீங்க பாக்கலைன்னா இல்லைன்னுதான் வச்சுக்கணும்."

இவ்வளவு எளிதாக ஒரு வீட்டைத் தூய்மை செய்யலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மிதியடி போயிற்று. தலையணை போயிற்று. துண்டு போனபோது நான் ஒரு சிறிய கேக் வாங்கி உண்டு கொண்டாடினேன். பாத்திரம் போய், அதன் இடத்தில் நான் புதியது ஒன்றை வைத்தபோது அவர் சமையலறையில் நெடுநேரம் நின்றார். "கறுப்பா, கைப்பிடி ஆடுமே" என்றார். "உங்களிடம் எப்போதும் இருந்தது இந்தப் பாத்திரம்தான்" என்று அன்பாக எடுத்துச் சொன்னேன். அன்றைய தேநீரை முழுவதும் குடித்தேன். அவருக்கும் அதில் மகிழ்ச்சி.

சோபாவுக்குத்தான் சிறிது ஏற்பாடு தேவைப்பட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் கண் மருத்துவமனைக்குச் சென்றிருந்த காலையில், பழைய சாமான் வாங்குபவரை வரவழைத்தேன். திரும்பிவந்த நண்பர், நான் வைத்திருந்த மர நாற்காலியில் உட்கார்ந்து, அதன் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மரம்தானா எப்பவும்?"

"மரம்தான்."

"மெத்துன்னு இருந்த மாதிரி ஒரு நெனப்பு," என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், நீங்க ஒண்ணு சொல்றீங்க. அப்ப வண்டியை நிறுத்தணும் வாத்தியாரே. நிறுத்திடறேன்." மகளைத் தொலைபேசியில் அழைத்து வரச்சொன்னவரும் அவரே. நான் யாரையும் வற்புறுத்தவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மகள் வெளியூரில் பணிபுரிபவள். தந்தையைப் பார்க்க வந்தால் உணவகத்தில் சந்தித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். வீட்டுக்குள் அவள் நுழைந்ததே இல்லை. காரணத்தை நீங்கள் அறிவீர்கள், ஏனெனில் நீங்களும் நுழைந்ததில்லை. ஆகவே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் புறப்பட்டபோது, "மாமா, நீங்க கூட வாங்க. அந்த வீட்டை உள்ள போய்ப் பாத்தவர் நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

மருத்துவர் இனிமையானவர். "ஐயா, உங்க வீட்ல என்னென்ன இருக்கு, சும்மா சொல்லுங்க பாப்போம்," என்றார்.

நண்பர் சொன்னார். துணியின் பழுப்பு, மிதியடியின் கிழிசல், பாத்திரத்தின் ஆடும் கைப்பிடி, சோபாவில் இடப்பக்கம் இருந்த பள்ளம். வருணனை என்றால் அதுதான் வருணனை. என் மாணவர்களில் ஒருவரும் அவ்வளவு துல்லியமாக எழுதியதில்லை. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் மருத்துவர் என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் நான் வருத்தத்துடன் தலையை இடவலமாக அசைத்தேன். மகள் அழுதாள். நண்பர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க கலங்காதீங்க வாத்தியாரே. உள்ளதைத்தானே சொல்றீங்க."

நினைவு பிசகிவிட்டது என்று அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். சாவி என்னிடம் தரப்பட்டது. அதன்பின் நான் அந்த வீட்டைக் கழுவிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவருக்கு ஒரு நிறம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. வியாழக்கிழமைகளில் அங்கே சென்று, புதிய பாத்திரத்தில் தேநீர் வைத்துக் குடித்தேன். மிக நல்ல தேநீர். எதிர் நாற்காலி மிகவும் தூய்மையாக இருந்தது.

இல்லத்திலும் அவரைப் பார்த்தேன். தரை பளபளக்கும் இடம். அங்கே அவர் ஒவ்வொரு பொருளையும் நோக்கி விரல் நீட்டி உரக்கச் சொல்கிறார். கட்டில் என்கிறார், பணிப்பெண் "ஆமா தாத்தா" என்கிறாள். சன்னல் என்கிறார், "ஆமா தாத்தா." அவள் வேறு வேலையாகப் போய்விட்டால், அவள் திரும்பும்வரை விரலை நீட்டியபடியே நிற்கிறார். பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தது.

இனி மார்ச் பதினான்கு. அன்று நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர், "கட்டடத்துல கரப்பான் தொல்லையே இல்லாமப் போச்சு, மருந்தடிச்ச தம்பிக்கு ஒரு கைதட்டு" என்றார். நீங்களும் தட்டினீர்கள். தகவற்பிழை ஒன்று கண்ணெதிரே நிற்கும்போது திருத்தாமல் அமர்ந்திருக்க என்னால் இயலாது. எழுந்தேன். கரப்பான் பூச்சிகள் ஒழிந்தது யாரால், எந்த முறையால் என்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை கோவையாக எடுத்துரைத்தேன். கைதட்டை எதிர்பார்க்கவில்லை, ஆனால் அவ்வளவு அமைதியையும் எதிர்பார்க்கவில்லை.

"வாத்தியாரே, என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார் செயலாளர்.

வாக்கியம் தெளிவாகத்தான் இருந்தது. மீண்டும் ஒரு முறை சொன்னேன்.

மகளுக்குச் செய்தி போய்விட்டது. இப்போது அவள் என்னை மாமா என்பதில்லை, எதுவும் என்பதில்லை. ஆனால் நண்பர் அவளை நம்பவில்லையாம். "வாத்தியார் அப்படிச் செய்ய மாட்டார். நீ தப்பாக் கேட்டிருப்பே. கட்டடத்துல நாலு பேரைக் கேட்டாத் தெரிஞ்சுடும்" என்றாராம். வரும் வியாழக்கிழமை அவளுடன் வந்து, ஒவ்வொரு கதவையும் தட்டி, தம் வீட்டில் ஒரு சோபா இருந்ததா, ஒரு கறுத்த பாத்திரம் இருந்ததா என்று கேட்கப்போகிறார்.

நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஒருவரும் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. 'நாங்கள் பார்த்ததில்லை' என்பது இலக்கண வழுவும் பொருள் வழுவும் அற்ற முழு உண்மை. இருந்தது என்று சொன்னீர்களானால், அவருக்கு நினைவு திரும்பும். நண்பன் இருக்க மாட்டான். நினைவை இழந்தவர்களைப் பார்த்துக்கொள்ள இல்லம் இருக்கிறது. நண்பனை இழந்துவிட்டு அவர் எங்கே போய் உட்காருவார்? அவருடைய நன்மை ஒன்றை மட்டுமே கருதிக் கேட்கிறேன்: வியாழக்கிழமை கதவைத் திறந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்து, எல்லாரும் ஒரே குரலில், பார்த்ததில்லை என்று சொல்லுங்கள்.