மப்ரூகா தனியாக இறங்கிய வாய்க்கால்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் ஹாஜி பஹூஸ் அவர்களே, இமாம் அவர்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் தாய்மார்களே! ஊருக்கு நீர் அளக்கும் சாலிஹின் சலாம் உங்கள் அனைவருக்கும்.

ஓவியர் மப்ரூகா அவர்களை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது. சற்று முன் தலைவர் என்ன சொன்னார்? மப்ரூகாவின் உயிரைக் குடித்த சுரங்க வாய்க்காலை மூடுவோம், மோட்டார் போடுவோம், மோட்டாருக்கு அவர் பெயரையே வைப்போம் என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். நான் ஆட்டவில்லை!

என்ன செய்தார் மப்ரூகா? ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்து மண்ணையும் கேட்டு வாங்கினார். அந்த மண்ணைக் குழைத்தே அந்தத் தோட்டத்தை ஓட்டுத் துண்டில் வரைந்தார். வரைந்து எங்கே வைத்தார்? சுரங்கத்துக்குக் காற்றுப் போக மேலிருந்து தோண்டிய கிணறுகள் வழியாக இறக்கி, தூர்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் வைத்தார்! நம் படத்தைப் பார்க்க நாமே தூர்வாரிக்கொண்டு போக வேண்டும்.

“ஏம்மா, வீட்டுச் சுவத்துல மாட்டினா ஆகாதா? எலி மாதிரி வளைக்குள்ள போயா படம் பாக்கணும்?” என்று கேட்டேன்.

“சுவத்துல மாட்டினா ரெண்டே நாள்ல ஈதான் பாக்கும் மாமா. பேசாம மண்வெட்டிய எடுங்க!”

ஏழு ஆண்டுகளாகத் தூர்வாராத ஊர் இறங்கியது. “அடேய், என் கோணப் பேரீச்ச மரத்தக்கூட விடல பாருடா!” என்று உள்ளே கத்தியவர் நீங்கள்தானே, ஹாஜி அவர்களே? அந்த வருடம் தண்ணீர் ஒரு விரல் உயர்ந்ததா, இல்லையா?

பிறகு? படம் பார்த்தாயிற்று, போய்விட்டோம். மேல்மண் உதிர்கிறது, முட்டுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று வீடு வீடாக வந்தார். “வெள்ளிக்கிழம வந்துர்றோம்” என்றோம். நான் பழ ஏலத்துக்குப் போனேன். தலைவர் கல்யாணத்துக்குப் போனார். நீங்கள் எங்கே போனீர்கள்? மப்ரூகா தனியாக இறங்கினார். மண் சரிந்தது.

வாய்க்காலா அவரைக் கொன்றது? இல்லை! நாம் வரவில்லை, அதனால் செத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

தலைவர் அவர்களே, மூடும் தீர்மானம் உங்கள் பையில் இருக்கிறது. நீர் அளப்பவன் முத்திரை இல்லாமல் அது செல்லாது. வைக்க மாட்டேன்!

நாளை விடிந்ததும் பேரீச்ச மரக் கட்டைகளோடு இறங்குகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். யாரும் வராவிட்டால் தனியாகவே இறங்குவேன். பிறகு இதே மேடையில், என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.