ஐஸ் பெட்டி இருந்த இடம்

இல்லண்ணே, அது தண்ணிப் பை. பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். பெட்ரோல் ஊத்துனா ஒட்டு இளகிப் பல்லக் காட்டிடும். இத எடுங்க. ரப்பர் நாத்தம் அடிக்குதா? அடிக்கட்டும், அதான் பெட்ரோலுக்குத் தாங்கும். இந்தக் கயார் கடக்கரையில பாதிப் படகுக்கு நான் கட்டுன பைதான்.

எங்க மீனுக்குப் போறீங்கன்னு சொன்னீங்க? தெக்க, பிஸ்ஸாவ் பக்கமா. ம், தூரந்தான். பைய எங்க போடணும்? நடுவுலயா? அங்க ஐஸ் பெட்டில்ல இருந்துச்சு? ஓ, கழட்டியாச்சா.

அவ்வளவு தூரம் போயிப் புடிக்கிற மீன ஐஸ் இல்லாம எப்பிடிண்ணே கொண்டு வருவீங்க? படகு முன்னால, அணியத்துல தாயத்து வேற புதுசாத் தொங்குது. சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல. ஸ்பெயினுக்கு ஆள் ஏத்திட்டுப் போறீங்கன்னு யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்.

பலகையத் தடவிப் பாருங்க, ஆணித்தலை ஒண்ணுகூட நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. அடியில பழைய வலைய விரிக்காதீங்க, முடிச்சு உரசும். பாய் போடுங்க. முழுசா நிரப்பி, உள்ள இருக்குற காத்த வெளிய விட்டுட்டு மூடணும். பெட்ரோல் குறையக் குறையப் பை தொய்யும், அப்பப்பப் பட்டைய இழுத்துக் கட்டணும். இல்லன்னா அலையில இடிபட்டுக் கிழியும். பெட்ரோலும் உப்புத்தண்ணியும் சேந்தா உக்காந்திருக்கவங்க தோல உரிச்சிடும். அப்பிடி வந்தவங்கள ஆஸ்பத்திரியில கண்ணால பாத்தேன்.

முக்கியமா, இதுமேல யாரையும் படுக்க விடாதீங்க. மெத்துமெத்துன்னு இருக்கும், அசதியில ஆளு தானா சாயும். பெல்ட்டுக் கொக்கி ஒண்ணு குத்துனாப் போதும். அதுவும் உங்ககூட வர்ற மோமார் இருக்கானே, ஒல்லியா, நெட்டையா, அவன் படுத்தா மரக்கட்டை. தபாஸ்கிப் பெருநாளுக்கு வாங்குன பித்தளக் கொக்கி பெல்ட்ட இடுப்ப விட்டு எறக்க மாட்டான். ஏறும்போதே புடுங்கிக் கடல்ல எறிஞ்சிடுங்க.

அவன் வர்றது எனக்கு எப்பிடித் தெரியுமா? நாத்தம்னு பெத்தவ கடைப்பக்கமே எட்டிப் பாக்காதவன், போன வாரம் வந்து, எந்தப் பை கிழியாதும்மான்னு கேட்டான். அக்கா வீட்டுக்குப் போறேன்னு இப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான். நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. தடுத்தா இன்னொரு படகுல ஏறுவாண்ணே, அதுல பை யாரு கட்டுனதோ.

அந்தப் பட்டைய நல்லா இழுத்துப் பிடிங்க. இன்னொரு முடிச்சுப் போட்டுக்கிறேன்.