உலாவி பழையது

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் மடியில் புதிதாக வாங்கிய தார்ப்பாய் இருந்தது. பஸ் கிளம்பியதும் அவர் சொன்னார்:

“நேத்து வெப்சைட்டே என்ன கெழவன்னு சொல்லிட்ச்சிமே.”

“இன்னாது?”

“நெல்லு கொள்முதலுக்குப் பதிவு பண்ணலாம்னு என் போன்ல தொறந்தேன். ‘உங்கள் உலாவி பழையது, இனி இதில் இயங்காது’ன்னு வந்துச்சி. நான் ஏரிக்கரையில உலாத்தறது அதுக்கு எப்படித் தெரியும்?”

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“அது உன்ன சொல்லலய்யா. போன்ல நெட் பாக்கிற ப்ரவுசருக்குத் தமிழ்ல உலாவின்னு பேரு. உன் போனு அரதப் பழசு. அதுல புது ப்ரவுசர் ஏறாது.”

“அப்ப களத்துல கெடக்கிற நெல்லு? வானம் வேற கருக்கிக்கினு கீது. அதான் தார்ப்பாய் வாங்கினேன்.”

“நீ மொணகிக்கினு கெடந்தத பாத்துட்டு, காலைலயே என் போன்ல பதிவு பண்ணிட்டேன். ‘பொம்பளைக்கு இன்னாத்துக்குப் பெரிய போனு’ன்னு தீவாளிக்குக் கத்தினியே, அந்த போன்லதான்.”

அவர் தார்ப்பாயைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“நெல்ல எப்ப எடுத்துக்கினு வரச் சொன்னாங்க?”

“மெசேஜ் எனுக்குத்தான் வரும். வந்தா உனுக்குச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சிக்கினு கீறேன்.”

அவர் எழுந்து, தன்னுடைய ஜன்னலோர இடத்தை மனைவிக்கு விட்டார்.