அவள் திரும்பிப் பார்க்கட்டும்

பகலெல்லாம் ஊரார் பல்லைப் பிடுங்கி, மாலையில் எங்கள் சொல்லைப் பிடுங்கி, "சுருக்கமா பேசும்மா, சுருக்கமா" என்று சொல்லியே என்னை மேடையேற்றிய தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே!

நம் ரசிகர் மன்றத்தின் மூட்டை முடிச்சை எல்லாம் தன் வேனில் சுமந்து, மனைவியின் வசவை எல்லாம் தன் காதில் சுமந்து வரும் செயலாளர் அண்ணன் அவர்களே!

நம்மை இங்கே கூட்டிய இந்த வீடியோ கேமைப் படைத்த நிறுவனத்தின் பிழைதிருத்தும் பிரிவிலிருந்து, எங்கள் வழக்கைக் கேட்பதற்கென்றே வந்து, திறந்த பேனாவோடு அமர்ந்திருக்கும் பொறியாளர் அம்மா அவர்களே!

"கல்யாண வயசுல கேம் என்ன வேண்டிக்கிடக்கு" என்று திட்டிக்கொண்டே பிள்ளைகளுக்கு மேலங்கி தைத்துக் கொடுத்த தாய்மார்களே! திட்டாமல் தைத்துக் கொடுத்த ஓரிரு தாய்மார்களே! இடது கையில் மட்டும் உறையணிந்து இங்கே இருக்கைகளை நிறைத்திருக்கும் என் உடன்பிறவா உறவுகளே! உங்கள் எல்லோருக்கும், இன்னும் உறை போடாத என் வலது கையையும் சேர்த்துக் கூப்பி, வணக்கம்!

கதவருகே நிற்கும் மண்டபக் காவலாளி ஐயாவுக்கும் வணக்கம். உள்ளே வரும்போது அவர் கேட்டார், "ஏம்மா, எல்லாரும் ஒத்தைக் கையில உறை போட்டுட்டு வர்றீங்களே, இது எந்தக் கட்சி?" என்று. ஐயா, இது கட்சியில்லை. ஆனால் கட்சிக்காரர்கள் தோற்றுப் போகிற அளவுக்குச் சண்டை உண்டு. உங்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை.

ஒரு நகரம். வெள்ளம் வந்து வடிந்துபோன நகரம். விளக்கில்லாத வீதிகள், ஆளில்லாத அங்காடிகள், அலைபோல் நெளிந்து கிடக்கும் இரும்புப் பாலங்கள். அங்கே ஒருத்தி நடக்கிறாள். உடம்பில் நீண்ட மேலங்கி. வலது கையில் விளக்கு. இடது கையில் கிழிந்த கையுறை. எனக்குப் பின்னால் திரையில் நிற்கிறாளே, அவள்தான் எங்கள் கையுறைக்காரி! அவளை நடக்க வைப்பவர்கள் நாங்கள். கன்ட்ரோலர் எங்கள் கையில், கால் அவளுடையது. கேம் முழுக்க அவளுக்குப் பின்னாலேயே போகிறோம். அவள் முகம் தெரியாது. முதுகுதான்! முதல் நாள் என் வீட்டில் அதைப் பார்த்த என் நாத்தனார் கேட்டாள், "அண்ணி, இந்தப் பொண்ணுக்கு நம்ம மேல என்ன கோவம்? வந்ததுலேர்ந்து முதுகைக் காட்டிட்டே நிக்குது?"

கோபமில்லை. கொஞ்சம் பொறுத்தால் தெரியும். கட்டை விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு சும்மா இருங்கள். அவளும் நிற்பாள். மூச்சு வாங்குவாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, இடது தோளின் மேலாகத் திரும்பிப் பார்ப்பாள். ஒரு மூச்சு நேரம். யாரையோ தேடும் கண்கள். யாரோ வரவேண்டியவர் இன்னும் வரவில்லை என்பதுபோல ஒரு வாட்டம். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த ஒரு மூச்சுப் பார்வைக்காகத்தான் இத்தனை மூச்சுகள் இந்த மண்டபத்தில் அடைந்து கிடக்கின்றன!

அவள் திரும்பும்போது நாம் சும்மா இருக்க முடியுமா? "இரு, நானும் வரேன்!" என்று எவரோ ஒருவர் திரையைப் பார்த்துச் சொன்னார். முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது. இன்று சொல்லாதவர் யாருமில்லை. நம் கூட்டங்களில் எவராவது அப்படிக் குரல் கொடுத்தால், அவளைப்போல வேடமிட்ட அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்று, இடது தோளின் மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். தட்டில் சாப்பாடு இருந்தாலும் சரி, கையில் போன் இருந்தாலும் சரி. கழிப்பறை வரிசைக்கு மட்டும் விலக்கு உண்டு. சிரிக்காதீர்கள், அது போன ஆண்டு நிறைவேற்றிய தீர்மானம்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் அணிவது இடது உறை மட்டும். கடைக்காரர் விற்பது ஜோடி. நம் ஆர்வக் கோளாறில் இதை யாரும் யோசிக்கவே இல்லை. இப்போது செயலாளர் அண்ணன் வீட்டுப் பரணில் மூட்டை மூட்டையாக வலதுகை உறைகள். அண்ணி அதைப் போட்டுக்கொண்டுதான் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிறார்களாம். என்ன அண்ணி? "ஒரு கைக்குத்தான் உதவுது, இன்னொரு கை சுடுது" என்கிறார்கள். உண்மை. வலதுகை உறையை இடது கையில் போட முடியாதே!

சரி, சண்டைக்கு வருகிறேன். அவள் யாரைத் தேடுகிறாள்? காதலனை என்றது ஒரு கூட்டம். தாயை என்றது இன்னொரு கூட்டம். காட்டிக்கொடுத்த துரோகி பின்தொடர்கிறானா என்று பார்க்கிறாள் என்றது மூன்றாவது. என்ன தம்பி? "துரோகிதான்" என்கிறீர்களா? உட்காருங்கள் தம்பி, உங்கள் நிச்சயதார்த்தமே இந்தச் சண்டையில்தானே நின்றுபோகப் பார்த்தது! எத்தனை ஓவியங்கள், எத்தனை கதைகள், எத்தனை கண்ணீர்! அவள் பார்வையின் முனையில் ஆளாளுக்கு ஓர் ஆளை நிறுத்தினோம்.

அப்போதுதான் நிறுவனத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இடி வந்தது என்றே சொல்வேன். "அது ஒரு பிழை."

பிழையாம்! முதலில் எழுதிய கேமில் அவளுக்கு ஒரு குட்டித் தங்கை இருந்தாளாம். அக்காவின் பின்னால் ஓடி ஓடி வருவாளாம். அவள் பின்தங்கும்போதெல்லாம் அக்கா திரும்பிப் பார்ப்பாளாம். இரண்டு பேரையும் சேர்த்து ஓட்ட அந்தக் காலத்து இயந்திரத்துக்குத் திராணியில்லை. தங்கையை எடுத்துவிட்டார்கள். தங்கையை எடுத்தவர்கள், தங்கையைத் தேடும் பார்வையை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அன்றைக்கு இந்த மன்றத்தில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று எனக்குத் தெரியும். இல்லாத தங்கையை இத்தனை ஆண்டுகளாக ஒருத்தி தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நாமோ அவளுக்குக் காதலன் பார்த்துக்கொண்டிருந்தோம்!

அத்தோடு விட்டார்களா? புதிய பதிப்பு வருகிறது, அதில் இந்தப் பிழை திருத்தப்படும் என்றார்கள். புதியது இறங்கியதும் பழையது தானாகவே அழிந்துவிடுமாம். இனி அவள் நிற்பாள், மூச்சு வாங்குவாள். திரும்ப மாட்டாள். அதைத் தடுக்கத்தான் இன்றைய கூட்டம்.

சற்று முன் தேநீர் நேரத்தில் பொறியாளர் அம்மாவிடம் பேசினேன். நல்லவர். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார், "ஏங்க, பின்னாடி யாருமே இல்லையே. இல்லாத ஆளை அவ எத்தனை நாளைக்குத் தேடணும்? நிறுத்தினா அவளுக்கே ஒரு நிம்மதிதானே?"

மைக்கைப் பிடித்ததும்தான் பதில் வருகிறது. சொல்கிறேன் அம்மா. ஆனால் அதற்கு முன் என் வீட்டுக்குள் உங்களைக் கூட்டிப்போக வேண்டும்.

எனக்கு ஒரு மகள். மூன்று வயது முடிந்துவிட்டது. எங்கள் வீட்டு வாண்டு. சிரிப்பாள், ஓடுவாள், பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்ப்பாள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காதில் குறையா என்று பார்த்தோம். இல்லை. சமையலறையில் பிஸ்கட் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டு ஓடி வருகிறவளுக்குக் காதில் என்ன குறை? மருத்துவர் சொன்னார், "காது நல்லா இருக்கும்மா. அவ நேரம் எடுத்துக்கிறா. கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

கூப்பிட்டேன். கொஞ்சிக் கூப்பிட்டேன், கெஞ்சிக் கூப்பிட்டேன். கட்டிலடியில் குனிந்து கூப்பிட்டேன். பாடிக் கூப்பிட்டேன். பயத்தில் கத்தியும் கூப்பிட்டேன். தாய்மார்களே, உங்கள் பிள்ளை "என்னம்மா?" என்று எரிச்சலோடு திரும்பும்போது உங்களுக்குக் கோபம் வரும். அந்த எரிச்சல் எவ்வளவு பெரிய சொத்து என்று என்னைக் கேளுங்கள்! அவள் முதுகு எனக்கு மனப்பாடம். பின்கழுத்தில் சுருண்டு நிற்கும் முடி, இடது தோளில் ஒரு மச்சம், ஓடும்போது ஒரு பக்கம் சரிந்து போகும் சட்டை. அவள் எப்போதும் முன்னால். நான் எப்போதும் பின்னால்.

மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கேமை ஆடுவேன். அதுதான் அவள் என்னோடு அசையாமல் உட்காரும் நேரம். கையுறைக்காரி திரும்பும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் நானும் "இரு, நானும் வரேன்!" என்பேன். அவள் கவனித்தாளா? எனக்குத் தெரியாது.

போன ஆண்டு நம் கூட்டத்துக்கு அவளையும் கூட்டி வந்தேன். நாத்தனார் பழைய குடைத்துணியில் அவளுக்கும் ஒரு மேலங்கி தைத்துக் கொடுத்தாள். இதே மண்டபம், இதே வாசல். வேடமிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே போய்க்கொண்டிருந்த நேரம். என் கையிலிருந்து ஒரு சின்னக் கை நழுவியது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் ஒரே நிற மேலங்கிகள். அவற்றின் கால்களுக்கிடையே ஒரு குட்டி மேலங்கி, வெளிவாசலை நோக்கி ஓடுகிறது. வாசலுக்கு அப்பால் சாலை. சாலையில் வண்டிகள்.

பேர் சொல்லிக் கத்தினேன். திரும்பவில்லை. எப்படித் திரும்புவாள்? மறுபடி கத்தினேன். மேலங்கி வாசற்படியில் இறங்கிவிட்டது. என் கால் ஓடுகிறது, கூட்டம் விடவில்லை. யோசித்துச் சொல்லவில்லை அம்மா, சத்தியமாக யோசிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"இரு, நானும் வரேன்!"

நின்றார்கள். அத்தனை பேரும் நின்றார்கள். இந்தப் பைத்தியக்காரக் கூட்டம், வழக்கம் தவறாத என் வைரக் கூட்டம், மொத்தமும் நின்று இடது தோளின் மேல் திரும்பிப் பார்த்தது. அத்தனை பெரிய தலைகளுக்குக் கீழே, வாசற்படியில், ஒரு சின்னத் தலையும் திரும்பியது.

என் மகள் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் அந்தத் துரோகிக் கட்சித் தம்பி அவளைத் தூக்கிக்கொண்டார். அதனால்தான் தம்பி, நீங்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும் எங்கள் வீட்டில் உங்களுக்கு முதல் தட்டு.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இன்னும் பேர் சொன்னால் திரும்புவதில்லை. அம்மா என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் தினமும் உட்காருகிறோம். திரையில் இவள் திரும்ப, நான் அந்த வார்த்தையைச் சொல்ல, சில நாள் மடியில் இருக்கும் தலையும் லேசாக அசைகிறது. திரும்புவது எப்படி என்று என் மகள் ஒருத்தியிடம்தான் கற்றுக்கொள்கிறாள். அந்த ஒருத்தியைத் திரும்பாதே என்கிறீர்களே அம்மா!

பின்னால் யாருமில்லை என்றீர்கள். உங்களையே கேட்கிறேன். அந்தத் தங்கையை எங்கே நிறுத்தி வைத்திருந்தீர்கள்? அக்காவுக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கம். விளையாடுகிற நாங்கள் எங்கிருந்து பார்க்கிறோம்? அக்காவுக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கம்! நீங்கள் காலி செய்த இடத்தில் யார் குடியேறினார்கள்? நாங்கள் குடியேறினோம்! வேலை கிடைக்காதவன் குடியேறினான், வீட்டில் பேச ஆளில்லாதவள் குடியேறினாள், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட ஒரு தாய் குடியேறினாள். திரும்பிப் பார்க்கமாட்டார்களா என்று யாரோ ஒருவரின் முதுகைப் பார்த்து ஏங்காத மனிதர் இந்த மண்டபத்தில் உண்டா? நீங்கள் பிழை என்று எழுதிவைத்திருக்கும் இடத்தில், அம்மா, நாங்கள் வசிக்கிறோம். திருத்தாதீர்கள்!

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியாக இருங்கள். கடைசி வரிசையில் என் கணவர் இருக்கிறார். அவர் பக்கத்தில் நாற்காலிக்குப் பின்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடைத்துணி மேலங்கியோடு சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பவள்தான் அவள். நான் கூப்பிடப் போகிறேன். வழக்கத்தை இந்த ஒரு முறை மீறுங்கள். நீங்கள் யாரும் திரும்பாதீர்கள். அவள் திரும்பாமலும் போகலாம். அப்படியானால் நானே கும்பிடு போட்டு இறங்கிவிடுகிறேன், யாரும் எனக்காக வருத்தப்படக் கூடாது.

"இரு, நானும் வரேன்!"

... ... ...

திரும்பிவிட்டாள்.

சத்தம் வேண்டாம், பயந்துவிடுவாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிகிறது. எனக்குப் பின்னால் இருக்கும் திரையைப் பார்க்கிறாள். கன்ட்ரோலரை யாரும் தொடவில்லை அல்லவா, அங்கே கையுறைக்காரியும் இப்போதுதான் திரும்பியிருப்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நடுவில் நான் நிற்கிறேன். அந்தப் பார்வை போகிற வழியில் நிற்கிறேன். என்றைக்காவது ஒருநாள் அது பாதி வழியில் என்மேல் தங்கும் அம்மா. அதுவரைக்கும் எடுத்துவிடாதீர்கள். இதுதான் என் மனு, மன்றத்தின் மனு.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பேனாவை மூடிவைத்துவிட்ட பொறியாளர் அம்மாவுக்கும், திரும்பாமல் இருந்த உங்கள் அத்தனை கழுத்துகளுக்கும் என் நன்றி. இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தேன். ஆனால் அவள் கதவுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள். காவலாளி ஐயா, கதவு! கதவைக் கொஞ்சம் சாத்துங்கள்! எல்லோருக்கும் வணக்கம், வருகிறேன்.

இரு செல்லம், இரு... நானும் வரேன்!