ரஞ்சனி சோடனையின் ஆழ்ந்த அனுதாபங்கள்

ஹலோ... ஹலோ, றொபின்? மாமியடா, ரஞ்சனி மாமி... ஓம் ஓம், வகுப்பிலை இருக்கிறாய் எண்டு தெரியும். வெளியிலை வா... வாவன் அப்பன். துரொண்ட்ஹெய்மிலை படிப்பு எங்கையும் ஓடாது. இஞ்சை ஒஸ்லோவிலை என்ரை மானம் ஓடிக்கொண்டிருக்கு.

...வந்திட்டியோ? சரி. நீ இன்ரநெற்றிலை செய்து தந்த பேஜ்... ஓம், அதுதான், மணவறை சோடிக்கிற என்ரை கடைப் பேஜ், "ரஞ்சனி சோடனை". ஆரடா அதை மாத்தினது?... நீ இல்லையோ? அப்ப ஆர்?... கொம்பனியோ? என்னட்டைக் கேக்காமலோ?... எல்லாருக்கும் மாத்தினவையோ? எல்லாருக்கும் மாத்தினால் எனக்கு ஆறுதலோ? நேற்று இடப்பக்கம் இருந்த பட்டனெல்லாம் விடிய மேலை ஏறி நிக்குது. முகப்பிலை போட்ட மணவறைப் படத்திலை பொம்பிளைக்கும் தலை இல்லை, மாப்பிளைக்கும் தலை இல்லை. கழுத்துக்குக் கீழைதான் கலியாணம் நடக்குது.

...சிரிக்காதை... சிரிக்கேல்லையோ? அப்ப என்ன சத்தம் அது?... இருமலோ. சரி.

தலை போனால் போகட்டும். வேறை ஒண்டு நடந்துபோச்சு. யேசுரட்ணம் அண்ணை மோசம் போனது தெரியும்தானே... ஓம், றோஸக்கான்ரை மனுசன். மகள் நோரா மரண அறிவித்தல் போட்டிருந்தவள். நான் குறொன்லாண்டிலை கடைக்கு வரேக்கை, பஸ்ஸிலை, கண்ணீரோடை, "ஆழ்ந்த அனுதாபங்கள், அண்ணையின் ஆன்மா இறைவனில் இளைப்பாற மன்றாடுகிறேன்" எண்டு எழுதினன்... ஓம், வசனம் நல்ல வசனம்தான், கேளன்! எழுதினது நான், போய் விழுந்தது கடையின்ரை பேரிலை!... ஓம்! பக்கத்திலை பலூன் படம். கீழை, நாள் பதியிற பட்டன்.

...என்ன? நானும் பேஜும் இப்ப வேறை வேறை ஆளோ? மாறி மாறித்தான் உள்ளுக்குப் போகவேணுமோ? அதை ஆர் எனக்குச் சொன்னது?... காட்டினதோ? ஒரு பெட்டி வந்து நோர்வேஜியத்திலை ஏதோ கேட்டது, நான் ஓம் எண்டு அமத்தினன். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் எந்தப் பெட்டி வந்தாலும் ஓம் எண்டுதானே அமத்துறன்.

இன்னும் இருக்கு. நோரா, பாவம், "நன்றி அன்ரி" எண்டு இன்பொக்ஸிலை எழுதியிருக்கிறாள். உடனை நீ பூட்டி வச்ச அந்தத் தானாப் போற பதில்... ஓம், அதேதான்... "உங்கள் இனிய நாளை அழகாக்க நாங்கள் தயார்! கலியாணமா, சாமத்தியவீடா, பிறந்தநாளா?" எண்டு கேட்டிருக்கு. தேப்பன் செத்த பிள்ளையிட்டை!

...நானில்லை, பேஜ்!... ஓம், பேஜ் எண்டால் நான்தான்! வேறை வேறை ஆள் எண்டு இப்ப நீதானே சொன்னனீ!

அழிக்கத்தானே விடியத் தொடக்கம் மாயுறன். பின்னேரம் அங்கை செபமாலை. றோஸக்கான்ரை முகத்திலை என்னெண்டு முழிக்கிறது? வந்த புதுசிலை அகதிக் காம்பிலை ஒரே அறையிலை கிடந்தனாங்கள்... ஓம், கடைக் கொம்பியூட்டரிலைதான் பாக்கிறன். அழிக்கிற இடம் வருதில்லை. மூண்டு புள்ளியை அமத்தினால் "முறைப்பாடு செய்" எண்டதுதான் வருது... ஓம், செய்தனான்... என்னிலைதான். காரணம் கேட்டது. "பொருத்தமில்லாத விளம்பரம்" எண்டு குடுத்தனான். உண்மைதானே?

...ஹலோ? ஏன் கத்துறாய்?

சரி சரி, பேச்சைப் பிறகு பேசு. இப்ப நீ உள்ளுக்குப் போய் அழி. பாஸ்வேட் உன்னட்டை இருக்குத்தானே... கெதியா, றோஸக்கா பாக்க முதல்... என்ன?... பாத்திட்டாவோ? ஐயோ... என்ன வந்து கிடக்கு?... ஓடரோ? ஆற்றை ஓடர்?... றோஸக்கான்ரையோ?

...வாசி. மெதுவா வாசி.

...ம்.

...ம்... ஓம், அவருக்கு வெள்ளைச் செவ்வந்திதான் விருப்பம். அவையின்ரை கலியாண வெள்ளிவிழாவுக்கும் கோயில் முழுக்க அதுதான் வச்சனான்... ம்... "ரஞ்சனி கேட்டது நல்லதாப் போச்சு, நான் எப்பிடிக் கேக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்"... அப்பிடியோ எழுதியிருக்கிறா?

...நிகழ்வு எண்ட இடத்திலை என்ன போட்டிருக்கிறா?... பிறந்தநாளோ?... ஓமோம், அதிலை வேறை தெரிவு இல்லைத்தானே. செத்தவீடு எண்டு நாங்கள் வைக்கேல்லை.

...இல்லை, அழேல்லை. தடிமன்.

அழிக்காதை, றொபின். ஒண்டையும் தொடாதை. அந்த முறைப்பாட்டை மட்டும் திருப்பி எடு... எடுக்கேலாதோ? கொம்பனிக்காரர் பேஜைப் பூட்டி வச்சு யோசிப்பினமோ? அடக்கம் சனிக்கிழமையடா! அதுக்கு முதல் ஓடருக்கு ஓம் எண்டு குடுக்கிற பட்டன் எங்கை?... வலப்பக்கமோ? இல்லை... கீழையோ? அங்கை என்ரை படம் நிக்குது... எந்த மூண்டு புள்ளியடா, பாக்கிற இடமெல்லாம் மூண்டு புள்ளி கிடக்கு!... "மாறு" எண்டதை அமத்தினன்... மாறிட்டுது... இப்ப நான் ஆர்?

...விடு. விடடா. நீ வகுப்புக்குப் போ. நான் நேரை போய் ஓம் எண்டு சொல்லுறன். றோஸக்கான்ரை வாசல் பெல் போன கிழமை இருந்த இடத்திலைதான் இன்னும் இருக்கு. வை போனை.